கேமரா சரி, பெட்டி யார் வீட்டில்?

(ராயகிரியில் நடந்த இளைஞர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாதுகாப்பும் தொழில்நுட்பமும்" என்று தலைப்புக் கொடுத்து அழைத்திருந்தீர்கள். நானும் ட்ரோன், முகமறியும் மென்பொருள், செயற்கை நுண்ணறிவு என்று குறிப்புகள் எழுதிக்கொண்டுதான் வந்தேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது கேட்ட ஒரு பேச்சு அந்தக் குறிப்புகளையெல்லாம் புரட்டிப் போட்டுவிட்டது. தெருமுனையில் கேமரா வைப்பதற்காகத் தம்பிகள் வீடு வீடாக வசூல் செய்துகொண்டிருந்தார்கள். திண்ணையில் இருந்த ஆச்சி ஒருவர் முந்தியில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "கேமரா சரிதாம்யா. அது புடிச்சதப் போட்டு வைக்கிற பெட்டி ஒண்ணு இருக்குமில்லா, அத யாரு வீட்டுல வைப்பிய?"

தம்பிகளிடம் உடனடியாகப் பதில் இல்லை. மெயின் ரோட்டுக் கடைக்காரர் ஒருவர் தன் கடையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார் ஒருவர். காவல் நிலையத்துக்கே இணைப்பைக் கொடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். அந்த ஆச்சிக்கு டிவிஆர் என்ற பெயர் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு நான் பேசப்போவது முழுவதும் அவர் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சிதான்.

முதலில் நம் மாவட்டத்துக் கதை. 2022 செப்டம்பர். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் பாஞ்சாகுளம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். இனி உங்கள் தெருவுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது, ஊர்க் கட்டுப்பாடு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். அதை யாரும் ஒளிந்திருந்து படம் எடுக்கவில்லை. கடைப் பக்கம் இருந்தவர்களே செல்போனில் எடுத்தார்கள். தங்கள் ஆட்கள் பார்த்து மெச்சட்டும் என்று பகிர்ந்தார்கள். அது கைமாறி வெளியே வந்தது. தமிழ்நாடே பார்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, கடை மூடப்பட்டது. அந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவு மிக அரிதாகத்தான் பயன்படுத்தப்படும். திருநெல்வேலி சிறப்பு நீதிமன்றம் அதைப் பயன்படுத்தி, குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் ஊருக்குள் நுழையத் தடை விதித்தது.

அந்தக் கட்டுப்பாட்டின் பின்னணி குறித்து அப்போது வந்த செய்திகளையும் நினைவில் வையுங்கள். பழைய தகராறு ஒன்றில் வழக்கு நிலுவையில் இருந்தது. அந்த வழக்கு, ராணுவத்தில் சேர முயன்ற ஒரு இளைஞருக்குத் தடையாக நின்றது. வழக்கைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டார்கள், நம் மக்கள் மறுத்தார்கள். அதற்குப் பதிலடியாகத்தான் குழந்தைகளுக்கு மிட்டாய் கிடையாது என்ற கட்டுப்பாடு. நாட்டின் எல்லையைக் காக்கப் போவதற்கு முன்னால் ஊருக்குள் தெருவின் எல்லையைக் காத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

தோழர்களே, அந்த வீடியோவை யோசித்துப் பாருங்கள். அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவரை அது பெருமை. நீதிமன்றத்துக்குப் போனதும் அது சாட்சி. கோப்பில் ஒரு நொடிகூட மாறவில்லை. கை மாறியது, அவ்வளவுதான். ஒரு பதிவு யாரைக் காப்பாற்றும் என்பதை அது யார் கையில் இருக்கிறது என்பது முடிவு செய்கிறது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான உதாரணங்கள்.

கோகுல்ராஜை உங்களுக்குத் தெரியும். பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோவிலுக்குத் தோழியோடு போனவர். மறுநாள் தண்டவாளத்தில் உடலாகக் கிடைத்தார். தற்கொலை என்று கதையை முடிக்கப் பார்த்தார்கள். ஆனால் அவர் கடைசியாக யாருடைய பிடியில் இருந்தார் என்பதைக் கோவில் கேமரா பதிவு செய்திருந்தது. வழக்கு விசாரணையில் முக்கியமான சாட்சியே பிறழ்சாட்சியானார். அந்தப் பதிவில் இருப்பது தான் இல்லை என்றுகூட நீதிமன்றத்தில் சொன்னார். அவருக்கு எத்தனை பக்கத்திலிருந்து நெருக்கடி இருந்திருக்கும் என்று நமக்குப் புரியும். மனிதர் பேச முடியாத இடத்தில் அந்த ஹார்ட் டிஸ்க் பேசியது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. யுவராஜுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆகவே, கேமராவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது நமக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்டதைக் கேமரா பிடித்தது. நாமெல்லாம் அதைப் பார்த்து உறைந்துபோனோம். 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது, வெட்டியவர்களின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. தெருவில் அரிவாள் ஓங்கிய கையைக் கேமரா காட்டும். வீட்டுக்குள் நடக்கும் பேச்சுக்கும் சாதிச் சங்கக் கூட்டத்தில் நடக்கும் பேச்சுக்கும் கேமரா கிடையாது.

இனி மறுபக்கம். சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். அந்தக் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் என்ன கண்டார் தெரியுமா? ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் அளவுக்கு இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தார்கள். கேமரா ஓடியது, பதிவு மட்டும் தங்கவில்லை. அன்றைய இரவின் உண்மை வெளியே வரக் காரணம், அதே நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி என்ற பெண் துணிந்து சாட்சி சொன்னதுதான்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. இங்கிருக்கும் ஒவ்வொருவரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் நுழைவாயில், லாக்கப், வராந்தா, வரவேற்பறை, ஆய்வாளர் அறை, பின்புறம் என்று ஒரு மூலை விடாமல் கேமரா இருக்க வேண்டும். இரவிலும் தெரிய வேண்டும், படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கான கருவி கிடைக்கவில்லை என்றால்கூட ஓராண்டுக்குக் குறையக் கூடாது. பழுதானால் நிலையப் பொறுப்பு அதிகாரி பொறுப்பு. இங்கே கேமரா இருக்கிறது, மனித உரிமை மீறல் நடந்தால் நீங்கள் புகார் செய்யலாம் என்று வாசலில் உள்ளூர் மொழியில் பெரிதாக எழுதிவைக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து, 2025 செப்டம்பரில், காவல் நிலையங்களில் கேமராக்கள் வேலை செய்யாதது பற்றி உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. தெருவில் இருக்கும் கேமரா பழுதானால் மறுநாளே சரி செய்கிறார்கள். லாக்கப்புக்கு எதிரே இருக்கும் கேமராவுக்குத்தான் அடிக்கடி நோய் வருகிறது.

2025 ஜூன் 28 அன்று சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோவில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். அவரை நிலையத்தில் வைத்து அடிக்கவில்லை, கோவிலுக்குப் பின்புறம் வைத்து அடித்தார்கள். விதிகளின்படி கேமரா இருக்க வேண்டிய இடத்துக்கு வெளியே. அங்கே யாரோ ஒருவர் மறைவாக நின்று, நடுங்கிக்கொண்டே செல்போனில் சில நொடிகள் பதிவு செய்தார். அந்தச் சில நொடிகள் உயர் நீதிமன்றத்தின் மேசைக்குப் போயின. வழக்கு சிபிஐக்குப் போனது. கோடிக்கணக்கில் செலவு செய்து வைத்த கேமராக்கள் பார்க்காததை, பயந்துபோன ஒரு சாதாரண மனிதரின் போன் பார்த்தது.

"பொதுப் பாதுகாப்பு" என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நம் ஊர்களில் பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுப் பாதை என்று எதற்கெல்லாம் "பொது" என்று பெயர் இருந்ததோ, அதற்கெல்லாம் நாம் போராடித்தான் நுழைந்தோம். பொதுப் பாதுகாப்பும் அப்படித்தான்.

நமக்கு மிக அருகில் நடப்பதையே பாருங்கள். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், பச்சேரியில். செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்த நாள், நெற்கட்டும்செவலில். ஒரே படையில் தோளோடு தோள் நின்று வெள்ளையரை எதிர்த்தவர்கள் என்றுதான் மக்கள் நினைவு சொல்கிறது. இன்றைக்கு அந்த இரண்டு நாட்களையும் ஒட்டித் தென்காசி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுகிறார்கள். சோதனைச் சாவடி, வாகனக் கட்டுப்பாடு, ஆயிரக்கணக்கில் போலீஸ், கேமரா. அஞ்சலி செலுத்தப் போகிற நம் பிள்ளைகளின் முகங்கள் பதிவாகின்றன. பதிவு எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கிறது, யாரோடு ஒப்பிடப்படுகிறது என்று நம்மிடம் யாரும் சொல்வதில்லை. நினைவு நாளுக்குப் போய்வந்ததே ஒரு நாள் குறிப்பாக மாறி, வேலைக்கான காவல் துறைச் சரிபார்ப்பில் எதிரே வந்து நிற்குமோ என்ற அச்சம் வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு இருக்கிறது.

அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. கைரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். அது லண்டனில் பிறந்து இங்கே வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கியதில் இருந்து தொடங்குகிறது அந்தக் கதை. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு இருக்கிறது. பெயர் என்னவோ எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் வந்தது, 1901இல்தான் லண்டன் போலீஸுக்குப் போனது. அதாவது, இந்தத் தொழில்நுட்பம் முதலில் ஆளப்படுகிறவர்கள் மேல் சோதித்துப் பார்க்கப்பட்டது.

பிறகு குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே வந்தது, 1911 சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள், கள்ளர்களிலும் மறவர்களிலும் சில பிரிவுகள் என்று பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று எழுதி வைத்தார்கள். ரேகை எடுத்தார்கள், இரவில் நிலையத்தில் வந்து ஆஜராகச் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அதே 1920இல்தான் கைதிகளை அடையாளம் காணும் சட்டமும் வந்தது. கைரேகையும் புகைப்படமும் எடுக்க அதிகாரம் கொடுத்தது அது. நூறாண்டு கழித்து 2022இல் அதை நீக்கிவிட்டுக் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது கருவிழியும் சேர்த்து எடுக்கலாம், தகவலை 75 ஆண்டு வைத்திருக்கலாம். நம் ஆயுளைவிட நம் ரேகைக்கு ஆயுள் அதிகம்.

பெருங்காமநல்லூரை நான் இந்த மேடையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று ரேகை வைக்க மறுத்துச் செத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்றைக்குச் சாதிப் பெருமை பேசி நம்மைக் கண்காணிக்கக் கேமரா கேட்கிறார்கள். இந்த வரலாற்றை அவர்களிடமும் பேசத்தான் வேண்டும். பிறப்பை வைத்துச் சந்தேகப்படும் கருவி ஒருநாள் உங்கள் கதவையும் தட்டியது, மறுபடியும் தட்டும் என்று சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு காவல் துறை 2021 அக்டோபரில் முகமறியும் மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஒருவரைப் படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் குற்றவாளிகள், சந்தேக நபர்கள் படங்களோடு ஒப்பிடலாம். 2024 மே மாதம் அந்தத் தளத்திலிருந்தே தகவல்கள் திருடுபோயின. ஒரு கணக்கின் கடவுச்சொல் களவுபோனதைக் காவல் துறையும் ஒப்புக்கொண்டது. நம் முகத்தைப் பூட்டி வைக்கிறோம் என்றவர்கள் சாவியைத் தொலைத்துவிட்டார்கள்.

திருட்டைவிட எனக்குப் பெரிய கவலை அந்தத் தொகுப்பில் யார் முகம் இருக்கிறது என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2019 சிறைப் புள்ளிவிவர அறிக்கையில் கைதிகளில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் நாம்தான். யாரை அதிகம் கைது செய்கிறார்களோ அவர்கள் முகம் தொகுப்பில் அதிகம் இருக்கும். யார் முகம் அதிகம் இருக்கிறதோ அவர்களைத்தான் இயந்திரம் அதிகம் சுட்டிக்காட்டும். சுட்டிக்காட்டப்பட்டவரை மறுபடி கைது செய்வார்கள். இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அது படிக்கும் பாடப்புத்தகத்தை எழுதியவருக்குத் தெரியும்.

இயந்திரத்தின் கண்ணும் எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் மூன்று நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. வெயிலில் வேலை செய்யும் நம் அம்மாக்களின் முகத்தை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படியுங்கள்.

வேங்கைவயலை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். விசாரணையில் எல்லா அறிவியலும் வந்தது. மரபணுச் சோதனை, செல்போன் கோபுரத் தகவல், அழிக்கப்பட்ட கோப்புகளை மீட்கும் ஆய்வு. பாதிக்கப்பட்ட தெருவில் போய் ரத்தம் கொடுங்கள் என்று கேட்டபோது பலர் மறுத்தார்கள், எங்களையே குற்றவாளி ஆக்குகிறீர்களா என்று கேட்டார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்தது அதே பாதிக்கப்பட்ட பக்கத்தின் மூன்று பேர். நீதிமன்றம் தன் முடிவைச் சொல்லட்டும். நான் கவனிப்பது திசையை. புகார் கொடுத்தவரின் செல்போன்தான் முதலில் திறக்கப்படுகிறது என்றால், அடுத்த ஊரில் புகார் கொடுக்கப் போகிறவர் இரண்டு முறை யோசிப்பார்.

இதற்கு என்ன செய்வது? வழி நம் சட்டத்துக்குள்ளேயே ஓர் இடத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வந்தன. அதன் 3ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதி என்று கண்டால், அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை அரசு ரத்து செய்யலாம். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் கொடுக்கலாம். எத்தனை இடத்தில் இது நடந்தது என்று கேட்காதீர்கள். அந்த விதியின் அறிவைப் பாருங்கள். துப்பாக்கி இரண்டு கைகளிலும் ஒரே பொருள் இல்லை என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கேமராவையும் நாம் அந்த விதியின் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதனால் தம்பிகளே, தங்கைகளே, கேமரா வையுங்கள். ஆனால் சில முடிவுகளை முதலில் எடுங்கள்.

பெட்டி நம் தெருவுக்குள் இருக்கட்டும். பூட்டுக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம்; ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். யார் திறந்தார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். போலீஸ் பதிவு கேட்டால் எழுத்தில் கேட்கட்டும், நகல் நம்மிடம் இருக்கட்டும். நிலையத்துக்கு நேரடி இணைப்பு வேண்டாம் என்பது என் கருத்து. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெற்றோர் இருவரும் காவல் துறையில் உதவி ஆய்வாளர்கள். சீருடை போட்டவரும் ஏதோ ஒரு தெருவில்தான் குடியிருக்கிறார்.

கேமரா எங்கே பார்க்க வேண்டும்? ரோட்டை, தண்ணீர்த் தொட்டியை, அம்பேத்கர் சிலையை. வீட்டு வாசல்களைப் பார்க்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பெட்டி நம் கையில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. நம் வீட்டுப் பெண் யாரோடு பைக்கில் வந்து இறங்கினாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்று ஓட்டிப் பார்க்க ஆசை வரும். அம்பேத்கர் 1916இலேயே சொல்லிவிட்டார், சாதி உயிரோடு இருப்பது அகமணத்தால் என்று. பெண்ணைக் காவல் காப்பதுதான் சாதியின் மிகப் பழைய பாதுகாப்பு ஏற்பாடு. நம் காசில் வாங்கிய கேமரா அந்த வேலையைச் செய்தால், ஆதிக்கச் சாதி நமக்கு வைக்க வேண்டிய கண்ணை நாமே நம் பிள்ளைகளுக்கு வைத்ததாகிவிடும். அதனால்தான் ஒரு சாவி பெண்ணிடம் இருக்கட்டும் என்றேன்.

சம்பவம் ஏதாவது நடந்தால் முதல் வேலை பதிவைக் காப்பது. பெரும்பாலான டிவிஆர்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். உடனே இயக்கத்தை நிறுத்தி ஹார்ட் டிஸ்க்கைத் தனியே எடுத்து வையுங்கள். வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள், அம்புக்குறி போடாதீர்கள். மூலக் கருவியையே நீதிமன்றத்தில் வைத்தால் தனிச் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நகல் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 63ஆம் பிரிவு. வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த வீடியோவை வைத்துக்கொண்டு நியாயம் கேட்டு நிற்கும் குடும்பங்களை வழக்குக் கட்டுகளில் படித்துக்கொண்டே இருக்கிறேன். எடுத்தவரின் போனைப் பத்திரமாக வைத்திருந்தால் முடிந்திருக்கும். வேறொருவருடைய கேமராவில் பதிவு இருந்தால் அன்றைக்கே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையத்துக்கும் எழுதுங்கள்: இந்த இடம், இந்த நாள், இந்த நேரம், இந்தப் பதிவை அழியாமல் காக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் உங்களிடம் இருந்தால், பின்னால் "அழிந்துவிட்டது" என்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது, சட்டம் நமக்குக் கொடுத்த கேமராவைக் கேட்டு வாங்குவது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்ற பிரிவு 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 10ஆவது உட்பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தும் வீடியோ பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் போலீஸ் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நம் வீட்டைச் சோதனை போட வந்தால், "பதிவு ஓடுகிறதா?" என்று கேளுங்கள். நிலையத்துக்குப் போனால் அந்த அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: எத்தனை கேமரா, எத்தனை ஓடுகிறது, எத்தனை நாள் பதிவு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம்மை அவமானப்படுத்தும் வீடியோவைப் பகிர்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பாஞ்சாகுளம் வீடியோ வழக்குக்கு உதவியது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகமும் ஊர் ஊராகப் போனது. அவர்கள் வளர்ந்து கல்லூரிக்குப் போகும்போதும் அது எங்காவது கிடக்கும். சாட்சியைப் போலீசுக்கும் வழக்கறிஞருக்கும் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்றால் பாதிக்கப்பட்டவர் முகத்தை மறைத்துவிட்டுக் காட்டுங்கள். அடித்தவன் முகம் தெரியட்டும்.

காலையில் வசூலில் எவ்வளவு சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. கேமரா வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் தெருவில் ஒரு கூட்டம் போடுங்கள். பெட்டி எங்கே, சாவி யாரிடம், நோட்டு யாரிடம் என்று பேசி முடிவெடுங்கள். பெண்கள் வரக்கூடிய நேரமாகப் பார்த்து வையுங்கள். அந்தத் திண்ணைக்குப் போய் அந்த ஆச்சியைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். கேள்வி அவருடையது, பதிலை முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும்.